கறுப்புத் திரையில் ஒரு சமக்குறி

வீட்டில் கரண்ட் போனால் முதலில் திட்டு வாங்குவது மின்வாரியம். அடுத்து தெருமுனை டிரான்ஸ்பார்மர். ஆனால் பல சமயங்களில் கரண்டை நிறுத்தியது இந்த இரண்டுமே இல்லை. சப்-ஸ்டேஷனின் கன்ட்ரோல் ரூமில், வரிசையாக நிற்கும் இரும்புப் பலகை ஒன்றில், ஒரு பெரிய அகராதி அளவுக்கு ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ரிலே. "போதும், நிறுத்து" என்று முடிவெடுத்தது அதுதான்.

எலக்ட்ரிகல் படிக்கிறவர்களுக்கு ரிலே என்றால் பரீட்சையில் பதினாறு மார்க் கேள்வி. மற்றவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்தப் பெட்டியோடு பேச முடியும்! கேள்வி கேட்கலாம், பதில் சொல்லும். கட்டளையிடலாம், அப்படியே செய்யும். அதற்குத் தேவை ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு சீரியல் கேபிளும் மட்டும்தான். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது.

முதலில் ரிலேயின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். லைனில் ஓடும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை எந்தப் பெட்டியாலும் நேரடியாக அளக்க முடியாது. அதனால் சி.டி. எனப்படும் கரண்ட் டிரான்ஸ்பார்மர் அதை 1 ஆம்பியர் அல்லது 5 ஆம்பியர் அளவுக்குச் சிறிதாக்கிக் கொடுக்கிறது. மின்னழுத்தத்தை பி.டி. சிறிதாக்குகிறது. இந்த இரண்டையும் ரிலே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தாலோ, மரக்கிளை விழுந்தாலோ, எங்காவது ஷார்ட் ஆனாலோ, ரிலே தன் கான்டாக்டை மூடும். உடனே பிரேக்கரின் ட்ரிப் காயிலுக்கு மின்சாரம் போகும், பிரேக்கர் திறக்கும், லைன் செத்துவிடும். கண்டுபிடிப்பது ரிலே, வெட்டுவது பிரேக்கர்.

பழைய ரிலேக்களில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும், பழைய வீட்டு மீட்டரில் சுற்றுமே, அதே மாதிரி. கரண்ட் அதிகமானால் தட்டு வேகமாகச் சுற்றி கான்டாக்டைத் தொடும். எத்தனை ஆம்பியரில் எழ வேண்டும் என்பதற்கு ஒரு பிளக். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்கு ஒரு டயல். இரண்டையும் கையால் வைக்க வேண்டும். ட்ரிப் ஆனால் ஒரு சின்னக் கொடி கீழே விழும். அவ்வளவுதான். ஃபால்ட் கரண்ட் எவ்வளவு, எத்தனை நேரம் ஓடியது, எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்று கேட்டால் அந்தக் கொடிக்கு எதுவும் தெரியாது. ஊழியர்கள் லைன் நெடுக நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் ஸ்வைட்சர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற சிறிய ஊரில் 1982-ல் எஸ்.இ.எல். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1984-ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்.இ.எல்.-21 என்ற டிஜிட்டல் ரிலே, லைனைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. ஃபால்ட் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று கணக்குப் போட்டது. என்ன நடந்தது என்று பதிவும் செய்தது. அந்தப் பதிவை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டுமே? அதுதான் சீரியல் போர்ட். இன்று வேறு பல கம்பெனிகளும் டிஜிட்டல் ரிலே செய்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மென்பொருள் உண்டு. ஆனால் வெறும் எழுத்துக் கட்டளைகளால் பேசும் பழக்கத்துக்கு நல்ல உதாரணம் இந்த எஸ்.இ.எல். குடும்பம்தான். அதில் உலகெங்கும் பரவிய 351 என்ற மாடலை எடுத்துக்கொள்ளலாம்.

கேபிளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒன்பது பின் கனெக்டர். 2-ம் 3-ம் குறுக்காக மாறியிருக்கும், ஏனென்றால் ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் போக வேண்டும். 5 நேராகப் போகும், அது பொதுக் கம்பி. 351 ஃபேக்டரியிலிருந்து வரும்போது வேகம் 2400 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட். ஒரு காலத்தில் விண்டோஸிலேயே ஹைப்பர்டெர்மினல் இருந்தது. விஸ்டாவோடு அது போய்விட்டது. இப்போது புட்டி, டெரா டெர்ம் என்று ஏதாவது ஒன்று. இன்றைய லேப்டாப்பில் சீரியல் போர்ட்டும் இல்லை என்பதால் ஒரு யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் பையில் இருக்க வேண்டும். வேகம் தவறாக வைத்தால் திரையில் குப்பை எழுத்துகள் வரும். சரியாக வைத்து என்டர் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு சமக்குறி வரும்.

=

இதுதான் ரிலேயின் வணக்கம். இந்த நிலையில் அது கிட்டத்தட்ட எதுவும் சொல்லாது, வாசலில் நிற்கிற மாதிரி. 'அக்சஸ்' என்று அடித்தால் பாஸ்வேர்ட் கேட்கும். (முழுச் சொல்லும் அடிக்க வேண்டாம், முதல் மூன்று எழுத்து போதும்.) கொடுத்தால் குறி மாறும்: =>. இது முதல் நிலை. இங்கே எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. அடுத்தது பிரேக்கர் நிலை: ==>. இங்கே பிரேக்கரைத் திறக்கலாம், மூடலாம். அதற்கும் மேலே இரண்டாம் நிலை: =>>. இங்கேதான் செட்டிங்கை மாற்ற முடியும். இந்த மேல் நிலைகளுக்குள் யாராவது நுழைந்தால் ரிலேயின் அலாரம் கான்டாக்ட் ஒரு நொடி மூடித் திறக்கும். தவறான பாஸ்வேர்டை மூன்று முறை கொடுத்தாலும் அப்படியே. அந்தக் கான்டாக்டை ஒழுங்காக வயர் செய்திருந்தால், "யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்" என்று கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியும். வயர் செய்யாமல் விட்டால் ரிலே கத்துவது யாருக்கும் கேட்காது.

'ஷோ' என்று அடித்தால் இப்போது இருக்கும் செட்டிங் எல்லாம் பக்கம் பக்கமாக ஓடும். 'செட்' என்று அடித்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். இப்போது இருக்கும் மதிப்பைக் காட்டி பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். புது எண் கொடுக்கலாம், அல்லது என்டர் தட்டி அப்படியே விடலாம். 'எண்ட்' என்று முடித்தால், மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் சேமிக்கும்போது ஒரு கணம் முன்பக்கத்தின் எனேபிள் விளக்கு அணைந்து மறுபடி எரியும். அந்த ஒரு கணம் அந்த லைனுக்கு இந்த ரிலேயின் காவல் இல்லை. இது தெரிந்தவர்கள் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டிங் மாற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கும் அனுபவமுள்ள டெஸ்டிங் என்ஜினியருக்கும் நடுவில் இப்படி ஒரு உரையாடல் நடப்பது சகஜம்:

"சார், செட் பண்ணிட்டேன் சார்."

"ஷோ போட்டுப் பாத்தியாம்மா?"

"சேவ் ஆயிடுச்சுன்னு வந்துச்சே சார்."

"நீ சொன்னத அது கேட்டுக்கிச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம். நீ என்ன சொன்னேன்னு ஷோ போட்டாத்தான் தெரியும்."

இது வெறும் கண்டிப்பு அல்ல, பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு 11 கே.வி. ஃபீடர், சி.டி. விகிதம் 400/1. 480 ஆம்பியருக்கு மேல் போனால் ரிலே எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 480-ஐ 400-ஆல் வகுத்தால் 1.2. ரிலேயில் கொடுக்க வேண்டிய எண் 1.2 ஆம்பியர். அடுத்து நேரம். ஐ.இ.சி. ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில், பிக்கப்பைப் போலப் பத்து மடங்கு கரண்ட் (இங்கே 4800 ஆம்பியர்) ஓடினால், டைம் டயல் 1 என்றால் சுமார் 2.97 நொடி ஆகும். டயல் 0.1 என்றால் சுமார் 0.3 நொடி. ரிலேயைப் பொறுத்தவரை 0.10 என்பதும் 1.00 என்பதும் செல்லுபடியாகும் எண்கள்தான். எது கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், நியாயமாக இருக்கிறதா என்று பார்க்காது.

புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனால் என்ன ஆகும்? அந்த ஃபீடரில் ஷார்ட் ஆனால் 0.3 நொடியில் அறுபட வேண்டிய கரண்ட் 3 நொடி ஓடும். மேலே இருக்கும் டிரான்ஸ்பார்மரின் ரிலேயை வழக்கமாக ஃபீடர் ரிலேயைவிட 0.3 நொடி அளவுக்குத்தான் தாமதமாக வைப்பார்கள். அதனால் ஃபீடர் ரிலே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மேலே இருப்பது பொறுமை இழந்து ட்ரிப் ஆகிவிடும். ஒரு கிராமத்து ஃபீடர் போக வேண்டிய இடத்தில் அந்த டிரான்ஸ்பார்மரை நம்பியிருக்கும் எல்லா ஃபீடரும் போகும். ஆஸ்பத்திரி இருக்கும் ஃபீடரும் அதில் சேர்த்திதான். அதற்குள் கேபிள் வெந்திருக்கலாம், பக்கத்தில் நின்ற ஆளுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். இத்தனைக்கும் காரணம் கீபோர்டில் ஒரு புள்ளி!

செட்டிங் பாதி வேலை என்றால் கண்காணிப்பு மீதிப் பாதி. 'மீட்டர்' கட்டளை இப்போது ஓடும் கரண்ட், வோல்டேஜ், மெகாவாட் எல்லாவற்றையும் காட்டும். சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கட்டளை ஒரு நல்ல துப்பறிவாளன். லோடு அதிகமாகிறது என்று 400/1 சி.டி.யைக் கழற்றி 800/1 மாட்டிவிட்டார்கள், ரிலேயில் யாரும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே 1.2 என்பது லைனில் 960 ஆம்பியர். அதாவது ரிலே இரண்டு மடங்கு கரண்ட் வரும் வரை சும்மா இருக்கும். வெளியே எந்த விளக்கும் எரியாது, எந்த அலாரமும் வராது. ஆனால் மீட்டர் கட்டளை காட்டும் கரண்ட், உண்மையில் ஓடுவதில் சரிபாதியாக இருக்கும். பக்கத்துப் பேனலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் பிடித்துவிடுவார். ஒப்பிடாதவர் அடுத்த ஃபால்ட் வரும்போது தெரிந்துகொள்வார்.

'டார்கெட்' என்று அடித்தால் ரிலேயின் உள்மனசு தெரியும். எந்த எலிமென்ட் எழுந்திருக்கிறது, எது தூங்குகிறது என்று ஒன்றும் பூஜ்யமுமாகக் காட்டும். 'ஹிஸ்டரி' இதுவரை நடந்த சம்பவங்களின் பட்டியல்: தேதி, நேரம், வகை, தூரம், கரண்ட். 'ஈவென்ட்' அதில் ஒன்றை விரித்துக் காட்டும். வழக்கமாக 15 சைக்கிள், அதாவது 50 ஹெர்ட்ஸில் 0.3 நொடி. கண் ஒரு முறை சிமிட்டும் நேரம்தான், ஆனால் ஃபால்ட் எப்போது ஆரம்பித்தது, ரிலே எப்போது சொன்னது, பிரேக்கர் எப்போது திறந்தது என்று வரி வரியாக இருக்கும். ரிலே சொல்லியும் பிரேக்கர் சோம்பியிருந்தால் அதுவும் தெரியும். 'ஸ்டேட்டஸ்' ரிலேயின் உடல்நலம்: பவர் சப்ளை, மெமரி, வெப்பநிலை. ஏதாவது கோளாறு என்றால் எச்சரிக்கைக்கு ஒரு எழுத்து, பழுதுக்கு ஒரு எழுத்து பக்கத்தில் நிற்கும். 'பல்ஸ்' ஒரு அவுட்புட்டை ஒரு நொடி மூடித் திறக்கும், வயரிங் பிரேக்கர் வரை போகிறதா என்று சோதிக்க. 'ஓபன்' அடித்தால் பிரேக்கரைத் திறக்கவா என்று கேட்டு, ஆம் என்றால், நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்கும். இந்த இரண்டாவது கேள்வியை வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். லைன் கிளியர் வாங்கிய ஊழியர் கம்பத்தின் மேல் இருக்கும்போது தவறான பேனலில் 'க்ளோஸ்' அடிப்பதற்கும் அடிக்காமல் இருப்பதற்கும் நடுவில் சில சமயம் அந்த ஒரு கேள்விதான் நிற்கிறது.

'டைம்' என்று ஒரு சின்னக் கட்டளையும் உண்டு. கடிகாரத்தைப் பார்க்க, திருத்த. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. பிறகு விசாரித்தவர்களுக்குப் பெரிய தலைவலி, பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது. எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிக்கவே நிறைய உழைக்க வேண்டியிருந்தது. பதிவுக் கருவிகள் எல்லாம் நேரம் ஒத்திசைந்திருக்க வேண்டும் என்று இறுதி அறிக்கையிலேயே பரிந்துரைத்தார்கள். அதனால்தான் இன்று ஜி.பி.எஸ். கடிகாரத்திலிருந்து ரிலேக்களுக்கு நேரம் கொடுக்கிறார்கள்.

அந்த நாளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒஹையோவில் சாம்மிஸ்–ஸ்டார் என்ற 345 கே.வி. லைன் மாலை 4:05:57-க்கு ட்ரிப் ஆனதுதான் சரிவை வேகப்படுத்தியது. அந்த லைனில் அப்போது எந்த ஃபால்ட்டும் இல்லை. டிஸ்டன்ஸ் ரிலே வோல்டேஜைக் கரண்டால் வகுத்து, வரும் விடை சின்னதாக இருந்தால் ஃபால்ட் என்று நினைக்கும். அதிலும் மூன்றாம் மண்டலம் என்பது பக்கத்து லைன்களுக்கும் உதவியாக நீண்ட தூரம் பார்க்கும் எலிமென்ட். லோடு எக்கச்சக்கமாகி வோல்டேஜும் இறங்கியபோது, விடை அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. ரிலே லைனை வெட்டியது.

ஒன்பது வருஷம் கழித்து இந்தியாவிலும் அதே கதை. 2012 ஜூலை 30 அதிகாலை 2:33-க்கு பீனா–குவாலியர் 400 கே.வி. லைன், ஃபால்ட் இல்லாமலே, அதிக லோடை மூன்றாம் மண்டல ஃபால்ட் என்று எடுத்துக்கொண்டு ட்ரிப் ஆனது. வட இந்திய மின்கட்டமைப்பு விழுந்தது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அதே லைன் மறுபடியும் அப்படியே போனது. இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். தென் மாநிலங்கள் அன்று தப்பித்தன. தெற்கு அப்போது மற்ற கட்டமைப்போடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். (தமிழ்நாட்டில் அன்றாட பவர்கட் மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது, அது வேறு கதை!) 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வந்த பிறகு தெற்கும் இணைந்துவிட்டது. இனி வடக்கே ஒரு ரிலே தும்மினால் தெற்கிலும் கவலைப்பட வேண்டும்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் ரிலே பழுதாகவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கொடுத்த எண்ணுக்கு அது உண்மையாக நடந்துகொண்டது. அந்த எண் அன்றைய லோடுக்குப் பொருந்துமா என்று கேட்பது ரிலேயின் வேலை இல்லை. செட்டிங் என்பது ஒரு முறை அடித்துவிட்டு மறந்துபோகும் விஷயமும் இல்லை. ஊர் வளர்கிறது, லோடு வளர்கிறது, எண் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

கடைசியாகப் பாதுகாப்பு. எளிமையான கதவு எல்லோருக்கும் எளிமையானதுதான். ஃபேக்டரி பாஸ்வேர்டுகள் மேனுவலிலேயே அச்சாகியிருக்கின்றன. முதல் நிலைக்கு நீர்நாயின் ஆங்கிலப் பெயர், இரண்டாம் நிலைக்கு வால் என்ற ஆங்கிலச் சொல். யாரோ ரசனையோடு வைத்திருக்கிறார்கள், ஆனால் ரிலே வேலைக்குப் போகும் நாளில் நீர்நாயும் வாலும் போயே ஆக வேண்டும். மாற்றுவதற்கென்று தனிக் கட்டளையே இருக்கிறது. சாதாரண சீரியல் கம்பியில் போவது எல்லாம் திறந்த எழுத்து, பூட்டு எதுவும் கிடையாது. அதனால் பேனலுக்கு முன் நேரில் நிற்கும் வரை ஆபத்து குறைவு. அந்தக் கம்பியை ஒரு கன்வெர்ட்டரில் சொருகி நெட்வொர்க்கில் விட்டால் கதை மாறுகிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள் பிரேக்கர்களைத் திறந்தார்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. அதோடு நிற்காமல், சப்-ஸ்டேஷன்களில் இருந்த சீரியல்–ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் உள் மென்பொருளையும் கெடுத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து மறுபடி மூட முடியாமல் போனது. ஊழியர்கள் நேரில் போய்க் கையால் மூடித்தான் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே சீரியல் போர்ட்டைப் பழைய சாமான் என்று ஒதுக்கவும் வேண்டாம், பழசுதானே என்று திறந்துபோடவும் வேண்டாம். இந்தத் துறைக்குப் போகப்போகிறவர்களுக்கு வேண்டியது ஒரு சில பழக்கங்கள்தான். தொடுவதற்கு முன் 'ஷோ' போட்டு முழுவதையும் கோப்பில் சேமிப்பது. மாற்றிய பிறகு இன்னொரு முறை 'ஷோ' போட்டு, அனுமதிக்கப்பட்ட செட்டிங் தாளோடு வரி வரியாக, முடிந்தால் வேறொருவர் வாய்விட்டுப் படிக்க, ஒப்பிடுவது. லோடு வந்ததும் 'மீட்டர்' பார்ப்பது. டெஸ்டுக்காகக் கழற்றிய ட்ரிப் லிங்க் எல்லாம் திரும்பப் போட்டாயிற்றா என்று கையால் தொட்டுப் பார்ப்பது. கிளம்பும்போது 'க்விட்' அடித்து, குறி மறுபடி வெறும் சமக்குறியாக மாறியதைக் கண்ணால் பார்ப்பது.

இதற்கெல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும், டிரைவர் ஹாரன் அடிப்பார். ஆனால் அந்த ரிலே அடுத்து எப்போது பேச வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மழை இரவில், வயலுக்குள் ஒரு கம்பி அறுந்து விழும்போது, அதற்குக் கிடைப்பது 0.3 நொடி. அந்த நேரத்தில் போய் செட்டிங்கைச் சரிபார்க்க யாராலும் முடியாது.